கீறல் விழாத சோபா

"ஆ...!"

பெருக்க வந்தவளின் அலறலில் கட்டிடமே அதிர்ந்தது.

முதலாளி கம்ப்யூட்டர் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்!

சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர் விலங்கோடு வந்து நின்றார்... டிசைனர் பெண்ணின் முன்னால்.

"முதலாளியைத் தவிர ஆபீஸ் சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. ஒண்ணு உன்கிட்ட. இன்னொண்ணு முதலாளியோட மச்சான்கிட்ட. கொலை நடந்த நேத்து சாயங்காலம் அவர் வெளியூர்ல, சொந்த வீட்ல இருந்திருக்கார். போட்டோ இருக்கு. நீ எங்கே இருந்தே?"

"என் வீட்ல. தனியா. போட்டோ எடுத்துக்கத் தோணலை சார்... கொலை நடக்கப்போகுதுன்னு எனக்குத் தெரியாதே!"

வாய்க்கொழுப்பு! மாமியார் வீட்டுக்குப் போகிற நேரத்திலும் இவள் நாக்கு அடங்காது.

மூலையில் மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

விற்பனை விளம்பரத்துக்காக நாற்காலி, கட்டில், அலமாரியைக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கும் ஆபீஸ் அது. உருவம் செய்வது இவள். அதன்மேல் மரம், துணி, தோல் என்று போர்த்துவது மச்சான்.

"அந்தப் போட்டோவைக் காட்டுங்க சார்."

காட்டினார். தோல் சோபாவில் கால்மேல் கால் போட்டபடி மச்சான். பின்னால் டி.வி.யில் நேற்று மாலைச் செய்தி.

அவள் சிரித்தாள்!

"இந்த சோபா உலகத்துலயே கிடையாது சார். நான் கம்ப்யூட்டர்ல செஞ்சது. மொத்த அறையும் பொய். இவன் தன் படத்தை அதுல ஒட்டியிருக்கான்!"

"உளறுது சார்! அதே டிசைன்ல நிஜமாவே செய்யச் சொல்லி வாங்கினேன்!" மச்சான் துள்ளினான்.

"அப்படியா? சார், நாங்க சோபாவுக்கு ஒரு கைதான் செய்வோம். அதையே திருப்பி மறுபக்கம் வச்சிடுவோம். ஒரு கையில கீறல் இருந்தா மறு கையிலயும் அதே இடத்துல வரும். இந்தத் தோல்ல ஒரு கீறல் உண்டு. பெரிசு பண்ணிப் பாருங்க!"

இன்ஸ்பெக்டர் பெரிதாக்கினார். கண்ணைச் சுருக்கினார்.

வழவழவென்று தோல். கீறலே இல்லை!

"கதை போதும். கிளம்பு."

"நல்லாப் பாருங்க சார்... கண்டிப்பா இருக்கும். அதையெல்லாம் கவனிச்சு அழிக்கிற அளவுக்கு இவனுக்குத் தொழில் தெரியாது!"

மச்சானுக்குச் சுருக்கென்று ஏறியது.

"யாருக்குடி தொழில் தெரியாது? ரெண்டு கீறலையும் அழிச்சிட்டுத்தான் என் படத்தையே ஒட்டி..."

நாக்கைக் கடித்தான்.

இன்ஸ்பெக்டர் மெல்ல அவன் பக்கம் திரும்பினார்!

"நீ அழிச்சிருப்பேன்னு எனக்குத் தெரியும்டா," என்றாள் அவள். "தொழில்ல நீ கெட்டிக்காரன்."

விலங்கு அவன் மணிக்கட்டில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தட்டினார்.

"வாங்க சார்... ஸ்டேஷன்ல ஒரு பெஞ்ச் இருக்கு. நிஜ மரம். மூட்டைப்பூச்சிகூட நிஜம்!"