எடைக் கொட்டகைக்குப் போன ஊர்வலம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழு பேர் ஜெயித்துவிட்டோம். அதுவும் நாற்பது நாட்டுப் பிள்ளைகள் எழுதிய கணக்குப் பரீட்சையில்! வனிதாவுக்குத் தங்கப் பதக்கம். எனக்கு வெண்கலம். வெண்கலம் என்றால் மட்டமா என்ன? நான் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஊர்வலம். பள்ளி பேண்டு முன்னால் போக, நாங்கள் ஏழு பேரும் ஜீப்பில் நின்றபடி குன்னூர் பஜாரைச் சுற்றி வரவேண்டும். என் அத்தாவின் ஸ்வெட்டர் கடை அங்கேதான் இருக்கிறது. "என் மக தபஸ்ஸும் ஜீப்புல வர்றா" என்று அவர் பஜார் முழுவதும் சொல்லி வைத்திருந்தார்.

வனிதா மட்டும் உம்மென்று இருந்தாள்.

"நான் ஜீப்புல ஏற மாட்டேன், தபஸ்ஸும்."

"ஏன்டி?"

"அம்மாவுக்கு லீவு கிடையாது. சீசன் நேரம், கொழுந்து முத்திப் போயிடுமாம். பரீட்சைக்குத் தினமும் என்னை எழுப்பி விட்டது அம்மாதான். அவங்க பார்க்காத ஊர்வலம் எனக்கு எதுக்கு?"

அவள் கண் கலங்கியது.

வனிதாவின் அம்மா செல்வராணி, ஜெகதளா பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். பறித்ததை எல்லோரும் நாலு மணிக்கு எடைக் கொட்டகைக்குக் கொண்டு வருவார்கள்.

நாலு மணிக்கு! நான் தலைமையாசிரியர் லோயிஸ் டீச்சரிடம் ஓடினேன்.

"டீச்சர், ஊர்வலத்தை எஸ்டேட்டுக்கு விடலாமுங்களா? நாலு மணிக்கு எல்லா அம்மாவும் எடை போடற இடத்துலதான் இருப்பாங்க."

"நல்ல யோசனைதான். ஆனா ரெண்டு இடத்துக்கும் போக நேரம் பத்தாதே. பஜார்ல உங்க அத்தா காத்துக்கிட்டு இருப்பாரே?"

அதை நான் யோசிக்கவே இல்லை. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

"பரவாயில்லைங்க டீச்சர். அத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சொன்னேன். அத்தா தாடியைத் தடவினார்.

"அவ்வளவுதானே? கடையைச் சாத்திட்டு நானும் அங்கேயே வர்றேன். ஸ்வெட்டர் எங்கேயும் ஓடிடாது."

வெள்ளிக்கிழமை ஒரே மூடுபனி. முன்னால் போகும் பேண்டே எங்களுக்குத் தெரியவில்லை. 'டம டம டம' என்று சத்தம் மட்டும்தான். அத்தா ஜீப்புக்குப் பின்னால் மூச்சு வாங்க நடந்து வந்தார்.

எங்கள் மலையில் பனிக்குள் இப்படித் தட்டினால் ஒரே அர்த்தம்தான். யாரோ காட்டெருமையை விரட்டுகிறார்கள்! ஊர்வலச் சந்தோஷத்தில் நாங்கள் எல்லோரும் அதை மறந்துவிட்டோம். எடைக் கொட்டகையில் இருந்தவர்கள் மறக்கவில்லை.

"காட்டெருமை வருது! மேல ஏறுங்க!" என்று ஒரு குரல் அலறியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மாக்கள் கொழுந்து மூட்டைகள்மேல் நின்றிருந்தார்கள். எடை போடும் சில்வஸ்டர் மேஸ்திரி மேசைமேல் இருந்தார். எடை மேடையின் மேலேயே, ஒரு மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, செல்வராணி அம்மா!

பனியை விலக்கிக்கொண்டு ஜீப் வந்து நின்றது. முன்னால் வனிதா, கழுத்தில் தங்கப் பதக்கம்.

"அம்மா! நான்தாம்மா!"

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கொட்டகையே அதிர்ந்தது. சிரிப்பு, விசில், கைதட்டல்! என் அத்தா தட்டியதுதான் எல்லாவற்றிலும் பலம். வனிதா குதித்து ஓடிப்போய்ப் பதக்கத்தை அம்மா கழுத்தில் போட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மேஸ்திரி மெதுவாக இறங்கி, ஒன்றுமே நடக்காததுபோல் சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"காட்டெருமை இல்லைங்க. எல்லாரும் இறங்குங்க, எடை போடணும்."

செல்வராணி அம்மா இறங்கவில்லை. வனிதாவையும் கைபிடித்து மேலே ஏற்றினார்.

"கொஞ்சம் பொறுங்க மேஸ்திரி. என் மகளை எல்லாரும் நல்லாப் பார்க்கட்டும்!"

பிறகு பேண்டு பக்கம் திரும்பினார்.

"ஏன் கண்ணுங்களா நிறுத்திட்டீங்க? இன்னும் பலமா அடிங்க!"