பச்சை நூல் தைத்த உறை

பொன்னேரி ஸ்டேஷன் ரோட்டில், ஆசீர்வாதத்தின் பிரவுசிங் சென்டருக்குள் அவன் நுழைந்தபோது மழையும் கூடவே நுழைந்தது. கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, தலையிலிருந்து சொட்டும் தண்ணீர்... கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஷிஃப்ட் முடித்து நேராக ரயிலேறி வந்தவன் என்று பார்த்தாலே தெரிந்தது.

"ஜபீன்றது யாரு?"

ஆறு கம்ப்யூட்டர். ஐந்தில் ஆண்கள். ஆறாவதில் ஸ்கேனரோடு ஒரு பெண். கேட்கவே வேண்டியதில்லை... ஆனால் கோபமாக வருகிறவர்களுக்குக் கண் தெரியாதே!

"நான்தான். இன்னா வேணும்?"

நிமிர்ந்தாள். அந்தக் கண்கள்... கறுத்துத் திரண்டு, கொட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஐப்பசி வானம். நனைந்து நின்ற சர்ஃபராஸ், சொல்ல வந்த முதல் வாக்கியத்தை மறந்தே போனான். நல்ல வேளை, இரண்டாவது ஞாபகம் இருந்தது.

"எங்க உம்மா படத்த யாரக் கேட்டு நெட்ல போட்டீங்க?"

விஷயம் இதுதான். ஜபீனின் தாய்மாமன் அசன் முகைதீன், பழவேற்காட்டுக்காரர். நாற்பது வருடமாகச் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தையும் விட்டுவைக்காமல் படம் பிடித்தவர். பிள்ளை இல்லை. போகும்போது வீட்டைத் தம்பி மகனுக்கு எழுதிவைத்துவிட்டு, ஐந்து டிரங்குப் பெட்டி நிறையப் போட்டோக்களை ஜபீனுக்கு விட்டுப்போனார். "பாவம், ஏமாத்திட்டாரு" என்று தெருவே உச்சுக்கொட்டியது. அவளோ ஆறு மாதமாக ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, பெயர், ஊர், வருடம் போட்டு இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மலேசியாவிலிருந்து யாரோ, "இடமிருந்து மூன்றாவது ஆள் எங்கள் வாப்பா" என்று எழுதினால் அன்று அவளுக்குச் சோறு வேண்டாம்.

கல்யாண வீட்டில் பெண்கள் அறைக்குள் மாமா போக மாட்டார். அங்கே அவர் மனைவி சிஃபா மாமிதான் காமிரா பிடிப்பார். அந்தப் படங்களை அந்நிய ஆண்கள் பார்க்கக் கூடாது. அதனால் தனி உறையில் போட்டு, வாயைப் பச்சை நூலால் தைத்துவிடுவது அந்த வீட்டு வழக்கம். இதைச் சொல்ல மாமியும் உயிரோடு இல்லை. படம் சிதறாமல் இருக்கத் தைத்திருக்கிறார்கள் என்று நினைத்த ஜபீன், கத்தரிக்கோலை எடுத்தாள்... ஓர் உறை. நாற்பத்தொரு படம்.

திரையில் அவன் உம்மா, இருபது வயது மெஹர்னிசா, முக்காடு நழுவ, மருதாணிக் கையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கூட வேல பாக்கறவன் காட்டி, 'மச்சான், அப்டியே உன்ன மாதிரி கீதுடா'ன்றான். எங்க உம்மாவ கம்பெனில நாலு பேரு பாத்துட்டானுங்க!"

தைத்த உறையை வெட்டிப் பிரித்ததைச் சொல்லித் தலையில் கை வைத்தாள் ஜபீன். "தப்புதாங்க. தெரியாம செஞ்சிட்டேன். இந்தக் கட்டு முழுக்க இப்பவே எடுத்துர்றேன்."

அதோடு அவன் திரும்பியிருக்கலாம். கோபத்தைச் சுமந்துகொண்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டானே, சும்மா இறக்கிவைப்பானா?

"மொத்தத்தையும் எடுங்க! உங்க ஊட்டுக் குப்பைய ஊருக்கே கொட்டிக்கினு..."

"குப்பையா?" எழுந்துவிட்டாள். "உங்க உம்மா படத்துக்கு நூறு தபா மன்னிப்பு கேக்கறேன். மீதிய தொட மாட்டேன். எங்க மாமா என்ன நம்பிக் குடுத்தது அது!"

"பாத்துக்கறேன்" என்று போனவன் நேராக அவள் அண்ணன் சஹாபுதீனின் ஹார்டுவேர் கடையில்தான் போய் நின்றான்.

அண்ணன் அதிகம் பேசுகிறவர் இல்லை. "வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சி வருவேன். அஞ்சு பொட்டியும் கொல்லையில எரியும். நெட்லயும் ஒண்ணு இருக்கக் கூடாது."

அன்று சனிக்கிழமை. இரண்டு பெட்டிதான் ஸ்கேன் ஆகியிருந்தது. மற்ற மூன்றிலும் இருந்த முகங்கள் சாம்பலாவதற்குள் சி.டி.யிலாவது ஏற்றிவிட வேண்டும்... பையில் கட்டுக் கட்டாக அள்ளிவந்து, சென்டர் திறந்ததிலிருந்து மூடும்வரை ஸ்கேனரை விட்டு நகரவில்லை ஜபீன்.

சர்ஃபராஸும் தினமும் வந்தான். "எடுத்தாச்சான்னு பாக்க வந்தேன்."

"நெட்டு ஸ்லோ. இன்னும் கொஞ்சம் பாக்கி."

நாற்பத்தொரு படம் எடுக்க எத்தனை நாள் என்று டீக்கடையில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டோம். அவன் எதிர் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். மழை கண்ணாடிக் கதவில் வழியும். அவன் கண் மட்டும் மழைப் பக்கம் போகாது.

"டீ சொல்லட்டுமா?"

"குப்பைக்காரிக்கு இன்னாத்துக்கு டீ?"

வியாழக்கிழமை அவள் விரல் நுனியெல்லாம் வெட்டு, பிளாஸ்திரி. அவன் ஆசீர்வாதத்திடம் குனிந்தான். "இன்னாண்ணே, இவ்ளோ அவசரம்?"

"தெரியாத மாதிரி கேக்கறியே தம்பி! நாளைக்கு எல்லாத்தையும் கொளுத்தப் போறாங்கோ. நீதான அவங்க அண்ணங்கிட்ட போய் வத்தி வச்சே?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பாதி ஸ்கேனும் போனது. யு.பி.எஸ். கீச்சிட்ட இருட்டில், அவள் கண்கள் கடைசியில் கொட்டியேவிட்டன... 'மன்னிச்சிருங்க' என்ற வார்த்தை அவன் தொண்டைவரை வந்தது. வெளியே வர ரோஷம் விடவில்லை. எழுந்தான். மழையில் இறங்கி ஓடினான்.

அவ்வளவுதான், பையன் கழன்றுகொண்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. கொல்லையில் ஐந்து பெட்டி, ஒரு கெரசின் டின். பெட்டிமேல் ஜபீன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் மதிலோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஒரே துணியை நாலு தடவை.

"எந்திரி ஜபீன்."

"என்னையும் சேத்துக் கொளுத்துங்கண்ணே."

சஹாபுதீன் டின்னைத் தூக்கினார். வாசலில் ஆட்டோ நின்றது. சர்ஃபராஸ் இறங்கினான். பின்னாலேயே அவன் உம்மா.

"தம்பி, டின்ன கீழ வைய்யி." மெஹர்னிசா நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டார். "படத்துல இருக்கறது நானு. கோவம் எனக்குத்தான வரணும்? எனக்கே வரல. உனக்கு எங்கேந்து வந்துச்சி?"

ஜபீன் அந்த உறையிலிருந்து அவர் படத்தை எடுத்து, ஆண்கள் கண்ணில் படாமல் துப்பட்டா மறைவில் நீட்டினாள். மெஹர்னிசா தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் தோளில் சாய்ந்திருந்த பெண்ணைத்தான் தடவினார்.

"குல்சும்... என் தங்கச்சி. அடுத்த வருசமே பிரசவத்துல மௌத்தாயிட்டா. எங்க ஊட்ல அவ படம் ஒண்ணுகூட கெடையாது. மூஞ்சே மறந்துபோயிடும் போலன்னு அழுதுக்கினு இருப்பேன்..." கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "பொம்பளைங்க கட்டு பொம்பளைங்களோட இருக்கட்டும். மீதி நெட்ல இருந்துட்டுப் போவட்டும். இத எரிச்சா, எத்தினி ஊட்டு மௌத்த நீ ரெண்டாந்தபா பண்றேன்னு தெரியுமா தம்பி?"

சஹாபுதீன் டின்னை வைத்தார். வேறெங்கோ பார்த்தபடி பெட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிப்போனார். நாலாவது பெட்டியோடு மெஹர்னிசாவும் பின்னால் போனார்.

கடைசிப் பெட்டிக்கு ஒரு பக்கம் ஜபீன். இன்னொரு பக்கம் சர்ஃபராஸ்.

"குப்பைன்னு சொன்னது தப்பு."

"ஆமா. தப்பு."

"உங்க அண்ணங்கிட்ட சொன்னது..."

"அதவிடத் தப்பு."

"இன்னொண்ணும் கீது. உம்மா படம் மொத நாளே போயிடுச்சி. அன்னிக்கே செக் பண்ணிட்டேன். தெரிஞ்சிக்கினேதான் அஞ்சு நாளும் வந்தேன்."

"இன்னாத்துக்கு?"

"உங்கள பாக்க. இனிமேயும் பாக்கணும்... நீங்க சரின்னா, உம்மா இன்னிக்கே உங்க அண்ணங்கிட்ட பேசுவாங்க."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். கண்களில் இப்போது மழையும் இல்லை, மேகமும் இல்லை.

"நாப்பத்தொரு படத்தையும் எடுக்க எனக்குப் பத்து நிமிசம்கூட ஆவல. தெனமும் 'இன்னும் கொஞ்சம் பாக்கி'ன்னு சொன்னேனே... மொத ரெண்டு நாளு, உங்கள அலைய விடணும்னுதான் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம்... நீங்க வராம போயிடுவீங்களோன்னு பயந்துக்கினு சொன்னேன். போய் பேசச் சொல்லுங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். மதிலுக்கு அந்தப் பக்கம் கெங்கம்மாளுக்கே தெளிவாகக் கேட்டதென்றால், பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்குக் கேட்காமலா போயிருக்கும்?