இடப்பக்க மீட்டரில் வாழைநார்

தெற்கு வீதியில் ஒரு காப்பித்தூள் கடைக்கு மேலே விஜயலட்சுமியின் அலுவலகம். நுகர்வோர் வழக்குகளைப் பார்க்கும் வக்கீல் என்று பலகை சொன்னது. ஆனால் கோர்ட்டுக்குப் போன வழக்குகளைவிட, போகாமலே முடிந்தவைதான் அங்கே அதிகம். எதுவானாலும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுவது அவர் வழக்கம்.

அன்று ஐப்பசி மழையில் நனைந்த குடையோடு ரிஃப்கா என்ற கல்லூரிப் பெண் படியேறி வந்தாள். குந்தவை அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இயற்பியல் படித்துவிட்டு இங்கே உதவியாளராகச் சேர்ந்தவள் குந்தவை. புது ஆட்கள் முன்னால் வாய் திறக்கமாட்டாள். அவர்கள் போன பிறகு அவளைப் பிடிக்க முடியாது.

“எங்க வீட்டுக்குக் குழாய்ல வர்ற கேஸை வெள்ளிக்கிழமை கட் பண்றாங்க மேடம்” என்றாள் ரிஃப்கா. “மீட்டர் சீலை நாங்க பிச்சுட்டோமாம். செக் பண்ண வந்தவரை உள்ள விடலைன்னு வேற எழுதிட்டாங்க.”

“உள்ளே விட்டீங்களா?”

“இல்ல. அத்தா ஆஸ்பத்திரியில கெடந்து மௌத்தாகி ரெண்டு மாசம்கூட ஆகல. அம்மா இத்தா இருக்காங்க. நாலு மாசம் பத்து நாள் வெளி ஆம்பளைங்க முன்னாடி வரமாட்டாங்க. நான் காலேஜ் போயிருந்தேன். கதவுக்குப் பின்னாடி நின்னு, ‘இப்ப முடியாது தம்பி, இன்னொரு நாள் வாங்க’ன்னு சொல்லியிருக்காங்க. அதைத்தான் மறுப்புன்னு போட்டிருக்காங்க.”

“கேஸ் இல்லன்னா சிலிண்டர் வாங்கிக்கலாமே” என்றார் விஜயலட்சுமி, பதில் முன்பே தெரிந்தவர்போல.

“கேஸ் இல்ல மேடம் பிரச்சினை. கேஸ் திருடுறோம்னு வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டாரு. இத்தா முடியற வரைக்கும் அம்மா இந்த வீட்டை விட்டு வரக்கூடாது. திருட்டுப் பட்டத்தோட எங்க போறது?”

விஜயலட்சுமி குடையை எடுத்துக்கொண்டார்.

கீழவாசலில் அந்த வீடு. கீழே வீட்டுக்காரர் துரைக்கண்ணு, மாடியில் வாடகைக்கு ரிஃப்காவும் அவள் அம்மா கமருன்னிஸாவும். துரைக்கண்ணு திருவையாற்றுப் பக்கத்து வயலில் சம்பா நாற்றோடு மல்லுக்கட்டப் போயிருந்தார். அவர் மனைவி பிரகதாம்பாள்தான் வாசல் நடையைக் காட்டினாள். சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மீட்டர்கள். இடது மீட்டரின் கீழே ‘மாடி’, வலது மீட்டரின் கீழே ‘கீழ்’ என்று கம்பெனி ஒட்டிய சீட்டுகள்.

இடது மீட்டரில் சீல் இல்லை. அது இருந்த துளையில் காய்ந்து சுருண்ட வாழைநார்த் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது. மூடியின் விளிம்புப் பள்ளத்தில் மஞ்சளாய் ஏதோ படிந்திருந்தது. குந்தவை முதலில் துரு என்று நினைத்தாள். விரலால் தொட்டு முகர்ந்தாள். வலது மீட்டரில் தூசியைத் தவிர ஒன்றும் இல்லை. அதன் சீல் பத்திரமாகத் தொங்கியது.

“உங்க வீட்டுக்காரர் ஆயுத பூஜை நல்லா கொண்டாடுவாரோ?” என்று கேட்டார் விஜயலட்சுமி. அவர் பார்வை நடையோரம் நின்ற மோட்டார் பைக்கில் இருந்தது. அதன் முகப்பு விளக்கில் சந்தனப் பொட்டு.

“அதை ஏன் கேக்கறீங்க. மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜு, கீழ்வீட்டுல ஒண்ணு பாக்கியில்ல. கட்டின எனக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்ல, பம்ப்செட்டுக்குக் கதம்பம்.”

மாடியில், கமருன்னிஸா வெள்ளைத் துப்பட்டாவோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் என்பதால் இருவரையும் எதிரே உட்காரவைத்துப் பேசினார். விஜயலட்சுமி இரண்டே கேள்விகள்தான் கேட்டார்.

“ரிஃப்காவோட அத்தாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தப்ப இங்க யார் இருந்தாங்க?”

“யாருமில்ல. நானும் புள்ளையும் மாசம் பூரா திருச்சியிலதான் கெடந்தோம். வீடு பூட்டித்தான் இருந்துச்சு.”

“அந்த மாசம் கேஸ் பில்?”

கமருன்னிஸா யோசித்தார். “எப்பவும் போலத்தான் வந்துச்சு. அப்ப இருந்த நெலமையில அதையெல்லாம் யாரு பாத்தா?”

தெருவுக்கு வந்ததும் குந்தவையின் வாய் திறந்துகொண்டது.

“துரைக்கண்ணுதான் மேடம். வாழைநார் பூக்கட்டுற நாரு. அந்த மஞ்சள் சந்தனம். மாடி மீட்டர்ல சந்தனம் வைக்க கீழ்வீட்டுக்காரங்களுக்கு என்ன வேலை? மாடிக்காரங்களைக் கிளப்பணும்னு அவரே சீலை வெட்டிட்டு, அவங்க தலையில போட்டுட்டாரு.”

“வெட்டினவர் பூவும் கட்டினாரா?”

குந்தவை நின்றாள்.

“ஒருத்தரை மாட்டிவிடப் போறவன் சந்தனம் குழைச்சு எடுத்துட்டுப் போகமாட்டான்” என்றார் விஜயலட்சுமி. “கீழ்வீட்டுல எல்லா மெஷினுக்கும் பொட்டு வைச்ச மனுஷன் தன்னோட மீட்டரை மட்டும் விட்டுட்டாரு. விட்டிருப்பாரா?”

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. வாசல் நடையில் எல்லோரும் நின்றார்கள். கால் சேறு காயாத துரைக்கண்ணு, இடுப்பில் கைவைத்த பிரகதாம்பாள், கேஸ் கம்பெனி சோதனையாளர் பகலவன். மாடிப் படியின் வளைவில் ரிஃப்கா. அவளுக்குப் பின்னால், பாதி சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் கமருன்னிஸா நிற்பது குந்தவைக்குத் தெரிந்தது.

“மீட்டரைப் பார்க்கிறதுக்கு எங்களுக்கு உரிமை இருக்குங்க மேடம்” என்று பகலவன் முந்திக்கொண்டார். “இணைப்புக் கொடுக்கிறப்பவே கையெழுத்து வாங்கியிருக்கோம்.”

“யார் இல்லேன்னது? அதே தாள்ல இன்னும் மூணு விஷயம் இருக்கு. முன்கூட்டியே சொல்லணும், பகல்ல வரணும், அடையாள அட்டையைக் காட்டணும். நீங்க சொல்லிட்டு வந்தீங்களா?”

பகலவன் கழுத்தில் தொங்கிய அட்டையைச் சட்டைப் பைக்குள் விட்டு, மறுபடி வெளியே எடுத்தார். “பகல்லதாங்க வந்தேன்.”

பிரகதாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அதை அப்புறம் பார்ப்போம்” என்ற விஜயலட்சுமி திரும்பினார். “துரைக்கண்ணு ஐயா, உங்க மீட்டர் எது?”

“இதென்ன கேள்வி?” அவர் தயங்காமல் இடது மீட்டரைக் காட்டினார். “குழாய் போட்டப்ப நான்தானே பக்கத்துல நின்னேன்.”

“இல்லைங்க, இடது மாடி. சீட்டே ஒட்டியிருக்கு” என்றார் பகலவன்.

“உங்க சீட்டை நான் எதுக்கு படிக்கணும்? என் குழாய் எனக்குத் தெரியாதா?”

“பிரகதாம்பாள், உங்க அடுப்பை அணைச்சுட்டு வாங்க” என்றார் விஜயலட்சுமி. பிறகு குந்தவையைப் பார்த்தார்.

அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் பேசுகிறோம் என்பதே குந்தவைக்கு மறந்துபோனது. “ரிஃப்கா, மாடியில அடுப்பைப் பெரிசா பத்தவை. ரெண்டு பர்னரையும்.”

மேலே லைட்டர் சொடுக்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் இடது மீட்டரையே பார்த்தார்கள். அதன் எண்கள் கல்லுப்போல் நின்றன. வலது மீட்டரில், ‘கீழ்’ என்ற சீட்டுக்கு மேலே, கடைசி எண் மெதுவாக உருள ஆரம்பித்தது.

பகலவன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

“சீட்டு மாறி ஒட்டியிருக்கு” என்றார் விஜயலட்சுமி. “அதனாலதான் வீடு பூட்டிக் கிடந்த மாசத்துக்கும் மாடிக்குப் பில் வந்தது. ஓடினது கீழ்வீட்டு அடுப்பு. சீல் இல்லாத மீட்டருக்கும் இவங்களுக்கும் சம்பந்தமே இல்லை. இவங்க மீட்டர் வலது. அதோட சீல் அப்படியே இருக்கு.”

“அப்ப என் மீட்டர் சீலை எவன் எடுத்தான்?” என்று துரைக்கண்ணு குரலை உயர்த்தினார்.

“ஆயுத பூஜைக்கு முதல் நாள் மீட்டரைத் துடைச்சது யாரு?”

“நான்தான். ஒட்டடை, தூசி... குழாய் போட்டவனுங்க ஒரு துண்டுக் கம்பியைக்கூட அப்படியே தொங்கவிட்டுட்டுப் போயிருந்தானுங்க. அதையும் வெட்டிட்டு...” அவர் பேச்சு பாதியில் நின்றது.

“அந்தத் துளையில கதம்பம் கட்டினீங்க” என்று முடித்தாள் குந்தவை. “நார் இன்னும் இருக்கு.”

துரைக்கண்ணு மீட்டரைப் பார்த்தார். மாடிப்படியைப் பார்த்தார். சேற்றுக்காலால் தரையைத் தேய்த்தார்.

“கம்பியில சின்னதா ஈயக்குண்டு ஒண்ணு கோத்திருந்ததா?” என்று கேட்டார் விஜயலட்சுமி.

“இருக்கும் இருக்கும்” என்று பிரகதாம்பாள் உள்ளே போனாள். “துருப்பிடிச்ச ஆணியைக்கூட இந்த மனுஷன் தூக்கிப் போடமாட்டாரு.” ஆணியும் திருகும் நிறைந்த பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தாள். குந்தவை உட்கார்ந்து தேடினாள். திருகுகளுக்கு நடுவே, வெட்டிய கம்பியோடு அந்த ஈய முத்திரை கிடந்தது. கம்பெனி அடையாளம் தேயாமல் இருந்தது.

பகலவன் போனில் இருந்த பழைய படத்தோடு அதை ஒப்பிட்டார். “இதேதாங்க. மீட்டரைத் திறந்த தடமும் இல்லை. ஆனா எங்களுக்குச் சொல்லாம எடுத்திருக்கக் கூடாது.”

“சீட்டை மாத்தி ஒட்டியிருக்கவும் கூடாது” என்றார் விஜயலட்சுமி.

பகலவன் தலையை ஆட்டினார். வெள்ளிக்கிழமை எதுவும் நடக்காது, சீட்டுகளை இன்றே மாற்றி, பில்லையும் திருத்தச் சொல்கிறேன், உள்ளே அடுப்பையும் குழாயையும் பார்க்க முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு பெண் ஊழியரை அனுப்புகிறேன் என்றார். மறுப்பு என்று எழுதியதையும் அடித்துவிடுவதாகத் தானாகவே சேர்த்துக்கொண்டார்.

துரைக்கண்ணு மாடிப்படியின் முதல் படிவரை போய் நின்றார். மேலே ஏறவில்லை.

“தங்கச்சி” என்றார், கதவைப் பார்க்காமல். “ஒரு வார்த்தை அதிகமாப் பேசிட்டேன். கலந்தர் பாய் உயிரோட இருந்தா என்னைக் கிழிச்சிருப்பாரு. நீங்க எங்கயும் போக வேண்டாம். இத்தா முடிஞ்சும் போக வேண்டாம்.”

குந்தவை தரையில் கிடந்த திருகுகளை டப்பாவில் அள்ளிப் போட்டாள்.

“அம்மா, அடுப்பை அணைச்சிடவா?” என்று மேலே ரிஃப்கா கேட்டாள்.

“எதுக்கு அணைக்கிற?” கமருன்னிஸாவின் குரல் கதவைத் தாண்டித் தெளிவாக வந்தது. “டீக்குத் தண்ணி வை. கீழ எத்தனை பேருன்னு கேளு. அண்ணனுக்குச் சர்க்கரை போடாத.”

வலது மீட்டரின் கடைசி எண் உருண்டுகொண்டே இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.