பின்பக்கச் சத்தம் இலவசம்

அன்று காலை ஓர் அலகு அமைதியின் விலை நாற்பத்தொரு ரூபாய். முந்தின நாளைவிட மூன்று ரூபாய் ஏற்றம். மறுநாள் முகூர்த்தம் என்பதால் தூத்துக்குடியின் கல்யாண மண்டபங்கள் எல்லாம் போட்டி போட்டு வாங்கிக்கொண்டிருந்தன.

நான் அமைதித் தரகன். என் பெயர் தங்கப்பழம். ஒருவர் வீட்டுச் சத்தம் இன்னொருவர் சுவரில் போய் விழுந்தால், அந்தச் சுவரில் பதித்திருக்கும் சுவர்ச்செவி அதை அலகு அலகாக எண்ணும். சத்தம் போட்டவருக்குப் பற்று, வாங்கிக்கொண்டவருக்கு வரவு. அவரவர் கணக்கு அவரவர் வீட்டுச் சுவர்ச்செவியில் எண்ணாக ஓடும். வாயைத் திறக்காதவர்களிடம் வரவு குவிந்து கிடக்கும். அதை வாங்கி, மேளம் அடிப்பவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் விற்பது என் பிழைப்பு.

எனக்குச் சரக்கு தருபவர்கள் பெரும்பாலும் கப்பல் வேலைக்குப் போன தனிக்கட்டைகள். அடுத்தபடியாகக் கோபித்துக்கொண்ட தம்பதிகள். சண்டை என்று கேள்விப்பட்டதும் ஓடக் கூடாது, முதல் நாள் கத்துவார்கள். மூன்றாம் நாள் போனால் வீடு நிறையச் சரக்கு இருக்கும்.

வாரக் கணக்கு ஞாயிறு மாலை ஆறு மணிக்கு முடியும். அப்போது நூறு அலகுக்கு மேல் பற்று நின்றால் ஒலிமுடக்கம். அதிகாரிகள் வந்து, வீட்டில் சத்தம் எழுப்பும் சாமான் அத்தனையையும் தொண்ணூறு நாளுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். அதனால் ஊரே காதுக்குள் செவிமணி பொருத்திக்கொண்டது. ஒரே படத்தை அவரவர் திரையில் ஆளுக்கொரு வேகத்தில், ஆளுக்கேற்ற நகைச்சுவையோடு அது ஓட்டிக் காட்டும். பஸ்ஸில் நாற்பது பேர் நாற்பது வெவ்வேறு நேரத்தில் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

என் மனைவி செல்வக்கனிக்குக் காது எலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. காது நன்றாகக் கேட்டது. ஆனால் செவிமணியை இனி ஆயுளுக்கும் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிரிப்புப் படம் இல்லாமல் சோறு இறங்காத மனுஷி, திரையின் அடியில் ஓடும் எழுத்தை வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுத்த வாசிச்சா சிரிப்பு வரமாட்டேங்குங்க. சேதிதான் வருது" என்றாள் ஒருநாள். அதற்குப் பிறகு படம் போடுவதையே நிறுத்திவிட்டாள்.

அதனால்தான் கடற்கரைச் சாலையில் பழைய ஒலிக்கருவிகள் விற்கும் ஜெனிட்டா மோத்தாவின் கடைக்குப் போனேன். கதவு உயரத்தில் இரண்டு பலகைகளைக் காட்டினாள். நிலைமின் ஒலித்திரை, பழைய ஆட்கள் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் என்பார்கள். கொசுவலை அடித்த ஜன்னலைக் கழற்றி நிறுத்தியதுபோல் இருந்தது.

"ஜன்னலுக்கா ரெண்டு லட்சம் சொல்லுதிய?"

"உள்ள என்ன இருக்குன்னு கேளுங்க அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் துளைத்தகடு. நடுவுல தலைமுடியவிட மெல்லிசா ஒரு சவ்வு. சவ்வுல ஐயாயிரம் வோல்ட் ஏத்தி வச்சிருப்போம். பாட்டு வந்ததும் ஒரு தகடு இழுக்கும், ஒரு தகடு தள்ளும். சவ்வு மொத்தமும் ஒண்ணா அசையும். காந்தமே கிடையாது."

"காந்தம் கிடையாதா? அப்ப அதுக்குக் கழிங்க."

"பெட்டியும் கிடையாது."

"அதுக்கும் கழிங்க."

"மேளம், இடி மாதிரி அடிச்சத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் வரும்."

"அதுக்குத் தனியா கழிக்கணும்லா?"

"இப்படியே கழிச்சா கடைசியில நான் உங்களுக்கு ரூவாயும் குடுத்து, பலகையையும் தூக்கி வண்டியில ஏத்தணும்."

"நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன்."

ஒரு லட்சத்து முப்பதுக்குப் படிந்தது. ஜெனிட்டாவே சனிக்கிழமை வந்து பொருத்தினாள். ஆம்ப்ளிஃபையரோடு இணைத்தது போதாதென்று, பலகை ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கரண்ட் கொடுத்தாள். சவ்வு மின்னேற்றம் குடித்து முடிக்கச் சில மணி நேரம் பிடிக்குமாம். பிறகு நூல் பிடித்து, இரண்டு பலகைகளுக்கும் நடுவே எதிரில் ஒரே ஒரு நாற்காலியைப் போட்டாள்.

"இந்த இடம்தான். இதுல உக்காந்தா நடிகன் எதிர்ல நின்னு பேசுத மாதிரி இருக்கும். ரெண்டடி தள்ளினா மங்கிரும். ஓரத்துக்குப் போனா ஒண்ணுமே கேக்காது."

"ஓரத்துல ஏன் கேக்காது?"

"சவ்வு முன்னால தள்ளும்போது பின்னால இழுக்கும்லா? அந்த ரெண்டும் விளிம்புல சந்திச்சு ஒண்ணையொண்ணு அழிச்சிரும்."

எனக்குப் புல்லரித்தது. என் வலது சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வேதமுத்து சார், ஓய்வுபெற்ற சுவர்ச்செவி ஆய்வாளர். நான் தும்மியதற்கு இரண்டு முறை ரசீது அனுப்பியவர். பலகையின் விளிம்பு அவர் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தினால் அவருக்குப் பூஜ்யம்!

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"பின்னாலயும் சத்தம் வரும்னு சொன்னியளே. எவ்வளவு?"

"முன்னால எவ்வளவோ அவ்வளவு."

"அப்ப ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா!"

"அது தொந்தரவு அண்ணாச்சி, இலவசம் இல்ல. சுவத்துல பட்டுத் திரும்பி வந்து முன்சத்தத்தைக் குழப்பும். பின்னால கனமா ஒரு திரை தொங்கவிடணும், அது குடிச்சிரும். ஒன்பதாயிரம்."

காசு கொடுத்து வாங்கிய சாமானில் பாதியைக் குடிப்பதற்கு, இன்னொரு சாமானையும் காசு கொடுத்து வாங்குவதா? எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாக யாரும் செய்யாத காரியம்.

"திரை இல்லாட்டா?"

"பின்னால ஒண்ணுமே இருக்கக் கூடாது. வெட்டவெளியா இருக்கணும்."

வெட்டவெளிக்கு விலை கிடையாது. பால்கனிக் கதவை அகலத் திறந்து, பலகைகளின் முதுகை அந்தப் பக்கம் திருப்பினேன்.

"அங்க நடுமுற்றம்லா இருக்கு? சுத்தி அறுபத்திரண்டு வீடு!"

"நாப்பதடி தள்ளி இருக்கு. காத்துலயே கரைஞ்சிரும்."

"இது கரையாது அண்ணாச்சி, நேராப் போகும்."

"கேட்டுக்கிட்டேன்" என்றேன். தரகில் அந்தச் சொல்லுக்கு விலை படியவில்லை என்று அர்த்தம்.

ஞாயிறு மூன்றரை மணிக்குச் செல்வக்கனியை நாற்காலியில் உட்கார வைத்துப் படத்தைப் போட்டேன். தவணையில் கழுதை வாங்கியவனின் கதை. ஜெனிட்டாவும் வந்திருந்தாள். முதல் வசனம் வந்ததும் செல்வக்கனி திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், யாராவது நிற்கிறார்களா என்று. கழுதைக்கு உத்தரவாதச் சீட்டு கேட்கும் இடத்தில் அவளிடமிருந்து ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், எட்டு மாதச் சிரிப்பு, அசலும் வட்டியுமாக. காசு கொடுத்த நான் ஓரத்தில் முக்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் முற்றத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மழை பிடித்ததென்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, சுவத்தைப் பாருங்க" என்றாள் ஜெனிட்டா.

சுவர்ச்செவியின் எண் ஓடிக்கொண்டிருந்தது. பற்று முப்பது, ஐம்பது. பிறகு சட்டென்று இறங்கியது. மறுபடி ஏறியது. பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். எட்டு மாடியிலும் ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், செவிமணியைக் கழற்றிக் கையில் வைத்தபடி. கழுதை உதைத்தது. அறுபத்திரண்டு வீடும் ஒரே நொடியில் சிரித்தது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. சிரித்தவர்களே பயந்துபோய் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் சிரிப்பு என் பால்கனிச் சுவரில் விழுந்து எனக்கு வரவானது. அதனால்தான் எண் இறங்கியிருக்கிறது.

ஆனால் படம் ஓயாமல் ஓடியது. சிரிப்போ இடையிடையேதான் வந்தது. பற்று எண்பதைத் தொட்டது.

"நிறுத்திருங்க. நூறைத் தாண்டினா பலகை போயிரும்" என்றாள் ஜெனிட்டா.

கையை நீட்டினேன். செல்வக்கனி நாற்காலியின் நுனிக்கு வந்து, கழுதை என்ன சொல்லப்போகிறதோ என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். நீட்டிய கையால் முதுகைச் சொறிந்துகொண்டேன்.

வாசல் மணி விளக்கு மினுங்கியது. வேதமுத்து சார்.

"என்னவே தங்கப்பழம், இது நியாயமா?" என்றார் மூச்சிரைக்க.

"சார், உங்க சுவத்துல ஒரு அலகுகூட விழலியே?"

"அதைத்தான் கேக்கேன்! ஊர் பூரா சிரிக்கு, எனக்கு மட்டும் ஏன்வே கேக்கல?"

செல்வக்கனியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஐந்து நிமிஷத்தில் சிரித்தார். முப்பது வருஷமாக ஊரார் சிரிப்பை எண்ணியவரின் சிரிப்பு, துருப்பிடித்த இரும்புக் கதவு திறந்த மாதிரி இருந்தது. என் வீட்டிலிருந்து வெளியே போனதால் அது என் பற்றில் ஏறியது.

ஐந்து நாற்பதுக்குப் படம் முடிந்தது. பற்று நூற்று நாற்பத்திரண்டு. ஞாயிறு சந்தை விடுமுறை. ஊருக்கெல்லாம் அமைதி விற்ற எனக்கு ஓர் அலகு வாங்க வழியில்லை. செல்வக்கனி எண்ணைப் பார்த்தாள்.

"தூக்கிட்டுப் போயிருவாங்களா?"

மூன்றாம் மாடியில் ஒரு பெண் பால்கனிக் கம்பியில் சாய்ந்து, கையைக் குவித்துக் கத்தினாள்:

"அண்ணாச்சி, அடுத்த ஞாயித்துக்கிழமை என்ன படம்?"

எண் இரண்டு இறங்கியது.

வியாபாரி வீட்டில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்கனிக்கு ஓடினேன். காதுக்குப் பின்னால் கையை வைத்து, ஒன்றும் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன். ஐந்தாம் மாடி கத்தியது. மறுபடி தலையை ஆட்டினேன். எட்டாம் மாடியில் ஒருவன் தட்டை எடுத்துத் தட்டினான்.

"உனக்கு எண் எவ்வளவுல நிக்குன்னு எங்களுக்கும் தெரியும்வே, நடிக்காத!" என்று ஒரு கிழவர் கத்தினார். அதற்கு மூன்று அலகு. பிறகு முற்றம் முழுக்க, தெரிந்தே, தங்கள் கணக்கிலிருந்து, தொண்டை கிழியக் கத்தியது.

ஆறு மணிக்கு எண் நின்றது. தாளில் எழுதிப் பார்த்தேன். பழைய இருப்பு இருபத்தாறு. சிரிப்பு வரவு ஐந்நூற்று நாற்பத்தெட்டு. கூச்சல் வரவு நூற்று முப்பத்தொன்று. செலவு: படம் அறுநூற்று எண்பத்திரண்டு, வேதமுத்து சார் பன்னிரண்டு, செல்வக்கனி இருபத்திரண்டு. ஊருக்கு நான் தர வேண்டிய பாக்கி பதினொன்று.