கண்மாய்த் திட்டில் ஒரு வெடி

டுமீல்!

கையில் பிடித்த டீத் தம்ளரோடு காளை சேற்றில் சாய்ந்தான்.

"மாப்ள..." என்றான். அவ்வளவுதான். முடிந்தான்!

நல்லகாமன் அப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கியைத் தண்ணீரில் வீசினான். காது ஙொய்யென்றது. திட்டில் இருந்த அத்தனை கொக்கும் நாரையும் எழும்பி வானத்தை அடைத்தன.

1983 தீபாவளி. விடிகாலை ஐந்தரை.

பயம் வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. பதினோரு மாதத்துக்கு முன்னால் தங்கச்சி செல்லத்தாய் பூச்சிமருந்து குடித்துச் செத்த நாளிலிருந்தே அவனுக்கு உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது.

மூன்று வருஷம் அவளைக் 'கட்டிக்கிறேன், கட்டிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு, கப்பலூர் கம்பெனியில் வேலை கிடைத்ததும் வேறிடத்தில் பரிசம் போட்டவன் இந்தக் காளை. "கண்மாய்த் திட்டுல கூடாரம் போட்டு ரெண்டு நாள் மீன் சுட்டுத் திம்போம், வா மாப்ள" என்று கூப்பிட்டதும் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். வெட்கங்கெட்ட பய!

திட்டம் சுத்தம். ஆள் அடையாளம் தெரியாத அசலூர்க் கண்மாய். தீபாவளி விடியலில் ஊரே வெடி வெடிக்கும். அதில் ஒரு டுமீலை எவன் எண்ணப் போகிறான்? காளை எங்கே என்று கேட்டால், நேற்றே பஸ் ஏறிவிட்டான். தீர்ந்தது!

பிணத்தைக் கோரைக்குள் அமுக்கி மேலே கல்லை வைத்தான். கூடாரத்தைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து கரையேறினான்.

கரையில் பத்துப் பேர் நின்றார்கள்! எண்ணெய் வழியும் தலையோடு. புது வேட்டியோடு. முன்னால் பஞ்சாயத்துத் தலைவர் சின்னச்சாமி.

"தம்பி, திட்டுல வெடி போட்டது நீங்களா?"

நல்லகாமன் தயாராக வைத்திருந்த சிரிப்பை எடுத்துவிட்டான்.

"நானா? இல்லையேண்ணே. ஊருக்குள்ள யாராச்சும் போட்ருப்பாக. தீபாவளியில்ல?"

பத்துப் பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க ஊர்லயா?"

"ஏண்ணே?"

"பறவைக முட்டை வைக்கிற நேரம். எங்க பாட்டன் காலத்துலருந்து இங்க தீபாவளிக்கு ஒரு ஓலைவெடி கூட வெடிக்கிறதில்ல தம்பி."

அப்போதுதான் கவனித்தான். காது தெளிந்திருந்தது. ஊருக்குள் ஒரு சத்தமில்லை!

"கூட வந்தவரு எங்க?"

"அவன்... நேத்துச் சாயங்கால பஸ்லயே போயிட்டான்ணே."

"அப்ப நீங்களுமில்ல, அவருமில்ல. எங்க பயலுகதான் எவனோ திட்டுக்குப் போயிருக்கான். டேய் முத்திருளா! போய் வெடிக் காகிதம் கெடக்கான்னு பாரு!"

"வேணாம்ணே! அங்க ஒரே சேறு. பாம்பு வேற..."

"நாங்க பொறந்து வளந்ததே இந்தச் சேத்துலதான் தம்பி."

முத்திருளன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். பாதி வழியில் நின்றான்.

"அண்ணே! மத்த எடத்துல எல்லாக் கொக்கும் திரும்ப எறங்கிருச்சு. அந்தக் கோரைக்கு மேல மட்டும் நாலஞ்சு சுத்திக்கிட்டே இருக்கு. எறங்க மாட்டேங்குது!"

"என்னன்னு பாரு!"

ஓடு என்றது மனசு. நல்லகாமனின் கால் நகரவில்லை. அதுவும் மரத்துவிட்டது.

கோரை விலகியது.

"ஆத்தாடி... பொணம்ணே! பொணம்!"

பதினெட்டுக் கைகள் அவனை அமுக்கின. வலிக்கவில்லை. செல்லத்தாயின் முகம் மட்டும் கண்ணுக்குள் வந்து நின்றது. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு அழுகை வந்தது. குலுங்கிக் குலுங்கி அழுதான்.

போலீஸ் ஜீப் வர மணி ஒன்பது ஆகிவிட்டது. விலங்கோடு ஏறும்போது திரும்பினான்.

"அண்ணே... நான்தான் வெடி போட்டேன்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீக?"

சின்னச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அபராதமா அய்யனாருக்கு ஒரு தேங்கா உடைக்கச் சொல்லிட்டு, கையில பலகாரமும் குடுத்து பஸ் ஏத்தி விட்ருப்போம் தம்பி!"