உச்சுக் கொட்டுகிறவர்கள்

கொதிக்கும் கஞ்சித் தண்ணீர் காலில் பட்டு நந்தினி துடித்தபோது, கூடத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அழுகையை நிறுத்திவிட்டு அவள் எட்டிப் பார்த்தாள். கரண்ட் போயிருந்தது. டிவி அணைந்து கிடந்தது. கூடத்தில் ஒருவரும் இல்லை. மாமியார் ரேணுகாம்பாள் காலிக் குண்டானைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

நந்தினிக்கு அந்தச் சத்தம் பழக்கமானது. ஞாயிறு தவிர தினமும் ஏழரை மணிக்கு ரேணுகாம்பாளும் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாளும் சீரியல் பார்க்க உட்காருவார்கள். மாமியார் கொடுமையில் சிக்கிய ஒரு மருமகளின் கதை. நந்தினியைச் சமையலறையில் விட்டுத் தாழ் போட்ட பிறகுதான் ரேணுகாம்பாள் டிவியைப் போடுவாள். கதவுக்கு இந்தப் பக்கமிருந்து நந்தினி கேட்ட சீரியலெல்லாம் அவர்களுடைய உச்சும் மூக்குறிஞ்சலும் பெருமூச்சும்தான்.

"இவல்லாம் ஒரு பொம்பளையா? நல்லா இருப்பாளா?" என்று ரேணுகாம்பாள் மனமுருகி அழுவாள்.

"பாவம்க்கா அந்தப் பொண்ணு. சோறுகூட போடமாட்டேங்கிறா" என்பாள் சந்திரம்மாள். கதவுக்குப் பின்னால் ஒருத்தி காலையிலிருந்து பட்டினி கிடப்பது அவளுக்கும் தெரியும். அழுது முடித்து, முகம் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

கணவன் மணிவேல் ஓசூரில் வேலை பார்த்தான்; மாதத்துக்கு ஒருமுறை வருவான். நந்தினியின் போன் மாமியாரிடம் இருந்தது. அம்மா இருக்கும் கீழ்பென்னாத்தூருக்கு பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் வாசல் தாண்டினால் தெருவில் எல்லோரும் மாமியாருக்கு வேண்டியவர்கள். பௌர்ணமி வரட்டும் என்று காத்திருந்தாள். கிரிவலக் கூட்டம் வாசல் வழியாகத்தான் போகும்; அதில் கலந்துவிட்டால் அடி அண்ணாமலையில் யாரும் யாரையும் பிடிக்க முடியாது.

அதற்குள் அந்தச் சத்தம் வாடிக்கையாகிவிட்டது. மாமியார் கிள்ளினால் கூடத்தில் ஒரு உச்சு. தலைமுடியைப் பிடித்து இழுத்தால் நாலைந்து உச்சு. முதலில் அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. யாரோ பார்க்கிறார்கள், பார்க்கிறவர்கள் ஒருநாள் கதவைத் திறப்பார்கள் என்று பைத்தியக்காரி நம்பினாள். அடி விழுந்ததும் அந்தச் சத்தத்துக்காக அவள் காது ஏங்கவே ஆரம்பித்தது.

பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஞாயிறு சீரியல் கிடையாது. அதனால் தாழும் கிடையாது. ரேணுகாம்பாள் பின்கட்டில் உட்கார்ந்து அமைதியாக முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மத்தியானம் சோறுகூடப் போட்டிருந்தாள். சாயங்கால வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. தெருவில் கூட்டத்தின் காலடிச் சத்தமும் கற்பூர வாசனையும் அரோகரா கோஷமும் ஏறிக்கொண்டே இருந்தன. நந்தினி மாற்றுப் புடவையைச் சுருட்டி இடுப்பில் செருகினாள்.

கூடத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

வளையல்கள் உரசின. பாய் நகர்ந்தது. தைலமும் வெற்றிலையும் கலந்த வாடை அடித்தது.

"இன்னிக்கு ஒண்ணுமே இல்லியே" என்றது ஒரு குரல்.

"ஆமா. சும்மா இழுக்குறாங்க" என்றது இன்னொன்று.

பின்கட்டில் ரேணுகாம்பாள் தலையை நிமிர்த்தினாள். கூப்பிட்ட குரலுக்கு வருகிறவள் மாதிரி எழுந்து உள்ளே வந்தாள். நந்தினியை அவள் பார்க்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். இரும்புத் தோசைக் கரண்டியைத் தீயில் வைத்தாள்.

நந்தினி கூடத்துக்கு ஓடினாள்.

கூடம் நிறைந்திருந்தது. சுவரோடு சுவராக, தோளோடு தோளாக, சம்மணமிட்டு உட்கார்ந்த பெண்கள். யாரையும் தெரியவில்லை. முதல் வரிசையில் மட்டும் சந்திரம்மாள்.

"அத்தை, வழி விடுங்க. எங்கம்மா ஊட்டுக்குப் போயிடுறேன்."

சந்திரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நகரவில்லை.

நந்தினி முழங்கால்களை மிதித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கதவு. தாழ்ப்பாள். இறுகியிருந்தது. வெளியே ஆயிரம் பேர் நடந்தார்கள். கத்தினாள். அரோகரா. மறுபடி கத்தினாள். அரோகரா.

முதுகுக்குப் பின்னால் காய்ந்த இரும்பு வாடை.

மெத்தென்ற, ஈரமான விரல்கள் அவள் மோவாயைப் பிடித்தன.

"இந்தப் பக்கம் திரும்பும்மா" என்று சந்திரம்மாள் விசும்பினாள். "மூஞ்சி தெரியல."

திருப்பினார்கள். அத்தனை பேரும் ஒரு சாண் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இமைக்காத, நீர் நிறைந்த கண்கள். ஒவ்வொரு கண்ணிலும் சிவப்பாக ஒரு கரண்டி. பெரிதாகிக்கொண்டே வந்தது.