ஆறாவது கேள்வி

சிந்துஜாவின் நெற்றிப் பட்டை மூன்றாவது முறையாகச் சிவப்பாக எரிந்தது.

"பதில் சரிதாம்மா," என்றார் பதிவாளர் ஹாஜிரா. "ஆனா மனப்பாடம்."

அந்தப் பட்டைக்குப் புரிவுமானி என்று பெயர். சரி, தவறு அதற்குத் தெரியாது. ஒரு பதில் மூளையில் எங்கிருந்து புறப்படுகிறது என்பது மட்டும் தெரியும். உருப்போட்ட வாக்கியம் என்றால் சிவப்பு. சொல்பவர் தன் வாழ்க்கையைத் தொட்டுப் பார்த்துச் சொன்னால் பச்சை. கற்றல் குறைபாடு உள்ள இருவர் திருமணம் செய்துகொள்ள, ஆறு கேள்விகளுக்கும் பச்சை வாங்கவேண்டும் என்று சட்டம் வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. மற்றவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் ஒன்றும் புரியாமலே தாராளமாகக் கல்யாணம் செய்துகொள்ளலாம்.

நான்காவது சிவப்பு விழுந்தால் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் தினகர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான். அவன் காலையிலேயே ஆறு பச்சையும் வாங்கிவிட்டான். இருவரும் ஒரே பேக்கரியில் ரொட்டி அடுக்குகிறவர்கள். அவனுக்கு முப்பத்தொன்று, அவளுக்கு இருபத்தொன்பது. நான்கு வருடக் காதல்.

தவறு சிந்துஜாவுடையது அல்ல, அவளுடைய அப்பா ரத்தினசபாபதியுடையது. நாமக்கல்லில் முப்பது வருடமாக டுடோரியல் நடத்தியவர். பாடம் புரியாத பிள்ளைகளையும் தேறவைத்தவர். மகளுக்கும் ஆறு பதில்களை அழகான தமிழில் எழுதிக்கொடுத்து, ஒவ்வொன்றையும் இருபது முறை எழுதவைத்திருந்தார். பாவம், மகள் ஜெயிக்கவேண்டும் என்ற ஆசைதான். இப்படிப்பட்டவர்களுக்கு உதவ அமர்த்தப்பட்ட துணையர் ஜெசிந்தா இரண்டு ஆண்டுகளாகப் பட அட்டைகளை வைத்து உடம்பைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் மறைக்காமல் கற்றுக்கொடுத்ததை அவர் சின்னப்பிள்ளை விளையாட்டு என்றே நினைத்தார்.

"சிந்து," என்றாள் ஜெசிந்தா. "அப்பா எழுதிக் குடுத்தத விட்ரு. உனக்குத் தோணுறதச் சொல்லு. தெரியலன்னா தெரியலன்னே சொல்லலாம். அதுக்கும் பச்சைதான் எரியும்."

ஹாஜிரா முதல் கேள்வியை மறுபடி கேட்டார். "கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன மாறும்?"

சிந்துஜா அப்பாவைப் பார்த்தாள். பிறகு தினகரைப் பார்த்தாள்.

"இவன் பஸ்ல தூங்குனாலே குறட்டை விடுவான். இனி தெனமும் அதக் கேக்கோணும். அம்மாவ உட்டுட்டுப் போகோணும். அழுகையா வருது. ஆனாலும் போகோணும்."

பச்சை. தினகர் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தான்.

அதற்குப் பிறகு தடையே இல்லை. குழந்தையைப் பற்றிக் கேட்டதற்கு, "இப்ப வேண்டாம்னு ரெண்டு பேரும் பேசியிருக்கோம். ஆணுறைய மெடிக்கல்ல இவன்தான் கேப்பான், எனக்கு வெக்கம்," என்றாள். ரத்தினசபாபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறாவது கேள்வி வந்தது. ஒருவர் நெருங்கி வரும்போது மற்றவருக்கு விருப்பமில்லை என்றால்?

"உள்ளங்கையக் காட்டுவேன். இவன் நிறுத்திக்குவான். ஒருக்கா நான் முத்தம் குடுக்கப் போனப்ப இவன் காட்டுனான். எனக்குக் கோவம் வந்துச்சு. ஆனா நிறுத்திட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் போண்டா சாப்பிட்டோம்."

பச்சை.

"இனி பொறுப்புரைஞரா அப்பாவோட கையெழுத்து," என்றார் ஹாஜிரா. "ஆறாவது கேள்விக்கு மட்டும் நீங்களும் பச்சை வாங்கணும் சார். எதுக்குப் பொறுப்பேத்துக்கிறோம்னு தெரிஞ்சிருக்கணும் இல்லையா?"

ரத்தினசபாபதி சட்டையைச் சரிசெய்துகொண்டு பட்டையைக் கட்டினார். "கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் மதித்து, விட்டுக்கொடுத்து வாழ்வதே..."

சிவப்பு.

"எங்களுக்குள்ள அந்த மாதிரி ஒண்ணும் வந்ததே இல்லீங்."

சிவப்பு. அவர் பட்டையைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். மெஷினைச் சந்தேகிப்பதுதானே முதலில் தோன்றும்!

சிந்துஜாவின் அம்மா சுலோச்சனா எழுந்து வந்து, கணவர் கையிலிருந்து அதை வாங்கித் தன் நெற்றியில் கட்டிக்கொண்டாள். கேள்வியை ஹாஜிரா திரும்பக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இவரு என்னைக் கேட்டதே இல்லீங். நானும் சொன்னதில்லீங். வேண்டாம்னு சொல்லலாம்கறதே சிந்துவோட அட்டையப் பாத்துத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

பச்சை. அவளே கையெழுத்துப் போட்டாள். சிந்துஜாவும் தினகரும் கணவன் மனைவி ஆனார்கள். ரத்தினசபாபதி மருமகனுக்குக் கை கொடுத்தார், ஆனால் வீட்டுக்குப் போகும்போது மனைவிக்கு நாலடி முன்னாலேயே நடந்தார்.

மறுவாரம் கடிதம் வந்தது. சிவப்பு வாங்கிய பொறுப்புரைஞர்களுக்கு ஆறு வார வகுப்பு, வாழ்க்கைத் துணையோடு வரவேண்டும். பாடம் எடுப்பவர்கள், ஆறு பச்சையும் வாங்கியவர்கள். அவர்களைப்போல் இதை விளங்கவைக்க வேறு யாராலும் முடிவதில்லை என்று சட்டம் வந்த இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்துபோயிருந்தது.

ரத்தினசபாபதி புது நோட்டோடு வந்து, கொடுத்த பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். சிந்துஜா ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு கைகள் அருகருகே இருக்கும் படம்.

"அம்மா கையப் பிடிக்கலாமான்னு கேளுங்கப்பா."

அவர் கையை நீட்டினார். பாதியில் நினைவு வந்து, "பிடிக்கட்டுமா?" என்றார். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

சுலோச்சனா கொஞ்சம் யோசித்தாள். உள்ளங்கையைக் காட்டினாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. மற்ற கையால் அவசரமாகப் பேனாவைத் திறந்தார்.

"இதுக்கு என்ன பதிலு சாமி? சொல்லு, எழுதிக்கறேன்."

"எழுதறதுக்கு ஒண்ணும் இல்லப்பா. கைய எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டார். அந்தக் கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. நோட்டின் மேல் வைத்தார், மடியில் வைத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் கோபமாக இல்லை. வெறுமனே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் என்ன பண்றது?" என்றார் மகளிடம் மெதுவாக. "எனக்குத் தெரியலியே, கண்ணு."

நெற்றியில் பச்சை எரிந்தது.